காசு குடுத்து விண்வெளி ஸ்டேஷனுக்கு போறது: மலேசியா மறுபடியும் ஒரு சீட்டு வாங்கலாமா?

லயத்துப்பையன் எழுதியது:

வணக்கம் மக்களே, சுங்கை சிப்புட் பக்கம் உள்ளவங்க யாராச்சும் இங்க இன்னும் எட்டிப் பாக்கறீங்களா. ஒரு விசயம் கேக்கணும். ஐஎஸ்எஸ்க்கு, அதான் மேல சுத்திக்கிட்டு இருக்கற விண்வெளி நிலையத்துக்கு, ஆக்ஸியம்னு ஒரு அமெரிக்க கம்பெனி ஆள் கூட்டிட்டு போய் கூட்டிட்டு வருது இல்லயா, 2022ல முதல் தடவ, 2025 ஜூன்ல நாலாவது தடவ, அந்த நாலாவதுல இந்தியாவோட சுபான்ஷு சுக்லா போனாரு. அதுல இருந்து நம்ம பெக்கான்ல, அதான் டவுன்ல, எந்த கடைல ஒக்காந்தாலும் ரெண்டே பேச்சு. ஒரு கோஷ்டி பணக்காரன் கொழுப்பெடுத்து பண்றான்னு சொல்லுது, இன்னொரு கோஷ்டி நம்மாளு போயிட்டாரு பெருமைன்னு சொல்லுது, சுக்லா லக்னோக்காரரு, அவரு எப்ப நம்மாளு ஆனாருன்னு எனக்கு தெரியல, இருக்கட்டும். ரெண்டு பேச்சும் எனக்கு பத்தல. நான் கேக்கறது நேரா இதுதான், மலேசியா மறுபடியும் ஒரு சீட்டு வாங்கலாமா வேணாமா, வாங்கினா எதுக்கு.

லோரிக்காரன் எழுதியது:

வேணாம். அடுத்த கேள்வி கேளு தம்பி.

லயத்துப்பையன் எழுதியது:

அண்ணே காரணம் சொல்லுங்க, சும்மா வேணாம்னா எப்படி.

லோரிக்காரன் எழுதியது:

காரணமா. நான் தெனம் செம்பனை குலை ஏத்திக்கிட்டு மில்லுக்கு போறவன், அந்த தோட்டத்து ரோட்டுல மழை பேஞ்சா டயர் புதையுது, இறங்கி கல்லு போட்டுட்டுத்தான் வண்டி எடுக்கணும். லயத்த, அதான் தோட்டத்து வரிசை வீட்ட, ஒடைச்சவனுங்க மாத்து வீடு தரேன்னு சொல்லி வருசக்கணக்கா ஆவுது, எங்க அத்தை இன்னும் மகன் வீட்ல ஒண்டிக்கிட்டு இருக்கு. ஒரு சீட்டு 55 மில்லியன் டாலர்னு எங்கயோ படிச்சேன், நம்ம ரிங்கிட் காசுக்கு 20 கோடி வெள்ளிக்கு மேல வருது, வீடு ஒன்னு லட்சம் வெள்ளின்னு வச்சாலும் 2,000 வீடு கட்டலாம். ஒருத்தன் மேல போய் மெதந்துட்டு போட்டோ புடிச்சிட்டு வரதுக்கு 2,000 வீடா, நீயே சொல்லு.

பழைய_கிராணி எழுதியது:

தம்பிமார்களே, இது புதுசா வந்த சண்டை இல்ல. 2001 ஏப்ரல்ல டென்னிஸ் டிட்டோன்னு ஒரு அமெரிக்க பணக்காரரு ரஷ்யாக்காரன்கிட்ட 20 மில்லியன் டாலர் போல குடுத்து சோயுஸ்ல ஏறி ஐஎஸ்எஸ்க்கு போனாரு, நாசா அப்ப வேணாம் வேணாம்னு குதிச்சது, ஸ்டேஷன் இன்னும் கட்டி முடியல, அவருக்கு பயிற்சி பத்தாதுன்னு எல்லாம் சொன்னாங்க. ரஷ்யாவுக்கு காசு முடை, கேக்கல, ஏத்திட்டான். அப்புறம் வரிசையா தென்னாப்பிரிக்கா மார்க் ஷட்டில்வொர்த், அனூஷே அன்சாரின்னு ஈரான்ல பொறந்த அம்மா, சார்லஸ் சிமோனி ரெண்டு தடவ போனாரு. அன்னிக்கு வேணாம்னு சொன்ன அதே நாசா 2019ல எங்க பக்கமும் வாங்கன்னு கடைய தொறந்தது, வருசத்துக்கு ரெண்டு தனியார் பயணம் வரைக்கும் விடலாம்னு.

நம்ம கதையும் இதுக்குள்ளதான் வருது. 2003ல மலேசியா 18 சுகோய் போர் விமானம் வாங்கிச்சி, ஏறக்குறைய 900 மில்லியன் டாலர், அந்த ஒப்பந்தத்துலயே ஒரு மலேசியரை ஸ்டேஷனுக்கு கூட்டிட்டு போறதும் சேத்தி. 11,000 பேருக்கு மேல மனு போட்டாங்க. 2007 அக்டோபர் 10 பைக்கனூர்ல இருந்து டாக்டர் ஷேக் முஸாபர் ஏறினாரு, எலும்பு டாக்டரு, 21ஆம் தேதி இறங்கிட்டாரு. நான் அப்ப ஆபீஸ்ல கணக்கு புஸ்தகத்த மூடி வச்சிட்டு டிவி பாத்தவன். பெரிய மண்டோர், அதான் தோட்டத்து மேஸ்திரி, கேட்டாரு, கிராணி இதுக்கு ஓவர்டைம் உண்டான்னு.

லோரிக்காரனுக்கு ஒன்னு சொல்றேன், அந்த 20 கோடிய மிச்சம் புடிச்சா அது உங்க ரோட்டுக்கு வரும்னு யாரு சொன்னது. நான் கணக்கு எழுதினவன், ஒரு செலவு கணக்குல மிச்சம் ஆனது இன்னொரு கணக்குக்கு போய் நான் பாத்ததே இல்ல.

லோரிக்காரன் எழுதியது:

கிராணி ஐயா நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும், அப்ப ரெண்டையும் கேப்போம், ரோடு முதல்ல சீட்டு பின்னாடி.

எஸ்டேட்_பேத்தி எழுதியது:

உள்ள வரேன். நான் பினாங்குல பேக்டரில டெஸ்ட் இஞ்சினியர், ஊரு நம்ம ஊருதான், பாட்டி கித்தா மரத்துல, அதான் ரப்பர் மரத்துல, பால் வெட்டினவங்க.

பணக்காரன் கொழுப்புன்னு சொல்றவங்க, எந்த பயணத்துல யாரு காசுன்னு பிரிச்சி பாருங்க. ஆக்ஸ்-1, அதான் ஆக்ஸியத்தோட முதல் பயணம், 2022 ஏப்ரல், கமாண்டர் மைக்கேல் லோபஸ் அலெக்ரியா, முன்னாள் நாசா ஆளு, கம்பெனிக்கு வேலை செய்றவரு. மத்த மூணு பேரு லாரி கானர், மார்க் பாத்தி, எய்தன் ஸ்டிபே, மூணு பேருமே வசதியான பிசினஸ் ஆளுங்க, சொந்த காசு, லோரிக்காரன் அண்ணன் சொன்ன 55 மில்லியன் அந்த பயணத்துக்கு பேசின விலைதான். 2023 மே ஆக்ஸ்-2ல சொந்த காசு போட்டவரு ஜான் ஷாஃப்னர் ஒருத்தர்தான், மத்த ரெண்டு சீட்டும் சவுதி அரசாங்கம் எடுத்தது, ரய்யானா பர்னாவி அதுல போய்தான் சவுதியோட முதல் விண்வெளி பொண்ணு ஆனாங்க. 2024 ஜனவரி ஆக்ஸ்-3ல இத்தாலி, துருக்கி, சுவீடன். 2025ல இந்தியா, போலந்து, ஹங்கேரி. கடைசி ரெண்டு பயணத்துல சொந்த காசு பணக்காரன் ஒருத்தன் கூட கெடையாது, எல்லாம் அரசாங்கமும் அரசாங்க ஏஜென்சியும் எடுத்த சீட்டு. தனியார் பயணம்னு பேரு, வண்டியும் ஏற்பாடும் தனியார், டிக்கெட் எடுக்கறது நாடுங்க. அதனால ஜொகூர்ல இருக்கற எந்த கோடீஸ்வரன் போவான்னு பேசறத விட்டுட்டு லயத்துப்பையன் கேட்ட கேள்வியத்தான் பேசணும்.

அப்புறம் செலவு. நாசாகிட்ட விலைப்பட்டியலே இருக்கு, நம்மூர்ல கல்யாண மண்டபம் எடுக்கற கதைதான், மண்டபம் ஒரு விலை கரண்டு தனி சாப்பாடு தனி குப்பை அள்ள தனி. 2019ல போட்ட பட்டியல்ல மூச்சு விடற காத்து, கக்கூஸ் இதெல்லாம் சேத்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 11,250 டாலர், சாப்பாடு மருந்து சாமான் வகைக்கு 22,500 டாலர், கரண்டு ஒரு யூனிட் 42 டாலர், டேட்டா ஒரு ஜிபி 50 டாலர். 42 டாலர் கதைய எங்கப்பாகிட்ட சொன்னேன், எழுந்து போய் ஏர்கான நிறுத்திட்டாரு. 2021ல இன்னும் ஏத்திட்டாங்க, ஒரு கிலோ சாமான் மேல ஏத்த 3,000 டாலரா இருந்தது 20,000, அங்க உள்ள விண்வெளி வீரரோட ஒரு மணி நேர வேலை 17,500 டாலரா இருந்தது 130,000. தனியார் பயணம் வந்தா ஒரு பயணத்துக்கு ஆள் நேரத்துக்குன்னு 5.2 மில்லியன், ஏற்பாட்டுக்கு 4.8 மில்லியன். இவ்ளோ இருந்தும் பெரிய செலவு இது இல்ல, ராக்கெட்டும் டிராகன் கேப்சூலும்தான் காசை முழுங்குது.

ராக்கெட்_ராசா எழுதியது:

அக்கா செம தகவல். எனக்கு ஒரு டவுட், 2025 ஏப்ரல்ல ப்ளூ ஆரிஜின்னு ஒரு கம்பெனி ராக்கெட்டுல பாட்டுக்காரி கேட்டி பெர்ரி எல்லாம் போனாங்களே, அது பத்து பன்னெண்டு நிமிசத்துல முடிஞ்சி போச்சி, விலையும் கம்மியா இருக்கும் போல, அதுல ஒருத்தர அனுப்பினா பத்தாதா, அங்கயும் மெதக்கறாங்க இங்கயும் மெதக்கறாங்க, ரெண்டு எடத்துலயும் புவியீர்ப்பு கெடையாது, அப்புறம் எதுக்கு ஸ்டேஷன். எஸ்பிஎம் பள்ளி பரீட்சை முடிச்சிட்டு சும்மா இருக்கேன், என்ன அனுப்புங்க நான் போறேன்.

டீச்சரம்மா எழுதியது:

ராசா, எஸ்பிஎம்ல பிசிக்ஸ் எடுத்தியா இல்லயா நீ. ஸ்டேஷன் இருக்கறது 400 கிலோமீட்டர் ஒசரத்துல, அங்க புவியீர்ப்பு இங்க இருக்கறதுல 90 சதவீதம் கிட்ட அப்படியே இருக்கு. அவங்க மெதக்கறது எதனாலன்னா ஸ்டேஷனும் உள்ள இருக்கற ஆளும் சாமானும் எல்லாம் சேந்து விழுந்துக்கிட்டே இருக்காங்க, மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்துல பக்கவாட்டுல ஓடறதால விழற பாதை பூமிய சுத்தியே வளைஞ்சி போயிடுது, தரையை தொடவே மாட்டாங்க. சுத்தி வர ஒன்றரை மணி நேரம், ஒரு நாளைக்கு 16 சூரிய உதயம். நீ சொல்ற ப்ளூ ஆரிஜின் நேரா மேல 100 கிலோமீட்டர் தாண்டி ஏறி அப்படியே கீழ வந்துடும், பக்கவாட்டு வேகம் கெடையாது, அதனால மெதக்கறது சில நிமிசந்தான். ஸ்டேஷனுக்கு போற ராக்கெட்டு அந்த வேகத்துக்கு ஆளை தள்ளணும், அதுக்குத்தான் அவ்ளோ எரிபொருள் அவ்ளோ காசு. திரும்பி வரும்போது அந்த வேகத்தை பூராவும் காத்துல ஒரசித்தான் குறைக்கணும், கேப்சூலுக்கு அடில அந்த வெப்ப கேடயம் இருக்கறது அதுக்குத்தான்.

வேலைன்னு பாத்தா சில நிமிசத்துல விதை முளைக்காதுப்பா. சுக்லா கொண்டு போனதுல வெந்தயமும் பாசிப்பயறும் இருந்தது தெரியுமா, சின்ன தட்டுல முளைக்க விட்டு, முளைச்சத ஸ்டேஷன் பிரீசர்ல வச்சி கொண்டாந்தாங்க. இத கேட்டதும் நான் எங்க தோட்டப்பள்ளி புள்ளைங்க கிட்ட செஞ்சி காட்டிட்டேன், செலவு ஒன்னுமே இல்ல, கண்ணாடி கிளாஸ் உள்பக்கம் ஈர டிஷ்யூ ஒட்டி, கண்ணாடிக்கும் டிஷ்யூக்கும் நடுவுல வெந்தயம் சொருகினா வேர் இறங்கறது வெளிய இருந்தே தெரியும். வேர் நல்லா நேரா இறங்கினதும் கிளாஸ படுக்க போட்டுட்டோம். மறுநாள் காலைல அசெம்பிளிக்கு முன்னாடியே புள்ளைங்க ஓடி போய் பாத்துட்டு வந்துட்டாங்க, அத்தனை வேரும் முழங்கை மடிச்ச கணக்கா கீழ் பக்கம் திரும்பி இருக்கு. வேர் நுனி செல்லுக்குள்ள மாவு துகள் இருக்கு, கனமா இருக்கறதால அது கீழ போய் படியும், அத வச்சித்தான் வேருக்கு கீழ எதுன்னு தெரியுது. மூணாம் ஆண்டு பொண்ணு ஒன்னு உடனே கேட்டுச்சி, டீச்சர் மேல போனா அந்த மாவு எங்க படியும், வேர் எந்த பக்கம் போவும்னு. படியாது, மெதக்கும், வேர் கண்ட பக்கம் போவும், ஈரத்தை தேடி போவும். இந்த கேள்விக்கு பதில் பாக்கணும்னா கேட்டி பெர்ரி போன வண்டில ஏறி பிரயோஜனம் இல்ல.

இன்னொருத்தன் கேட்டான் கக்கூஸ் யாரு கழுவுவாங்கன்னு. எல்லாரும் முறை போட்டுத்தான், டாக்டரா இருந்தாலும் சரி பைலட்டா இருந்தாலும் சரி. மூத்திரம், வேர்வை, மூச்சு ஈரம் எல்லாத்தையும் புடிச்சி திரும்ப குடிதண்ணி ஆக்கறாங்க, 2023ல அது 98 சதவீதம் வரைக்கும் வந்துடுச்சி. அவன் அன்னிக்கு பூரா தண்ணி குடிக்கல.

லோரிக்காரன் எழுதியது:

டீச்சர் அந்த வெந்தய கதை நல்லா இருந்துச்சி, என் மகளும் அந்த பள்ளிதான், வீட்ல கிளாஸ படுக்க போட்டு என் பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கினது இதுனாலதான் போல. ஆனா பாருங்க, அத நீங்க காசு இல்லாம சொல்லிக் குடுத்துட்டீங்க. சுக்லா மேல போனதும் இந்தியாக்காரன் காசுல, 500 கோடி ரூபாக்கு மேலன்னு படிச்சேன். நமக்கு வேண்டியத அவன் செலவுலயே கத்துக்கிட்டோம்ல.

நடத்துனர்:

மூணு பதிவு நீக்கி இருக்கோம். 2007 பயணத்த வச்சி மதம், இனம்னு இழுக்கறவங்க வேற தளத்துக்கு போங்க. மேல தொழுகை நேரம் எப்படி கணக்கு பண்றதுன்னு அப்ப முறையாவே வழிகாட்டி போட்டாங்க, ராக்கெட் கெளம்பின ஊரு நேரத்தை வச்சி, அதுல கிண்டல் பண்ண ஒன்னுமில்ல. இழை தொடரலாம்.

கணக்குப்புள்ள எழுதியது:

ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு போறவன். ஒரே ஒரு கேள்வி, 2007க்கு அப்புறம் நம்ம நாட்டுக்கு என்னா கெடைச்சது? ஒப்பிச்சி சொல்ல யாருக்காச்சும் முடியுமா.

பழைய_கிராணி எழுதியது:

முடிஞ்ச அளவுக்கு சொல்றேன். ஷேக் முஸாபர் மேல புற்றுநோய் செல்லு, புரத படிகம், கிருமி வச்சி சோதனை செஞ்சாரு. ஹரி ராயா, அதான் நோன்பு பெருநாள், அந்த பயணத்துக்குள்ளயே வந்தது, சாத்தேவும் பலகாரமும் கொண்டு போய் அங்க இருந்தவங்களுக்கு குடுத்தாரு. இறங்கும்போது சோயுஸ் சரியான பாதைல வராம செங்குத்தா இறங்கிடுச்சி, குறிச்ச எடத்துல இருந்து ரொம்ப தள்ளி, உடம்புல அழுத்தம் ஜாஸ்தி, ஆனா பத்திரமா வந்தாங்க. அடுத்து மாத்து ஆளா பயிற்சி எடுத்த பல் டாக்டர் ஃபாயிஸ் காலிட் போவாருன்னு பேச்சு இருந்தது, போவல. ஆளை அனுப்பற வேலை அதோட நின்னுச்சி. விண்வெளி ஏஜென்சின்னு 2002ல ஆரம்பிச்சது 2019ல தொலையுணர்வு ஏஜென்சியோட சேந்து இப்ப ஒன்னா இருக்கு.

இன்னொரு விசயம் நம்ம ஆளுங்களே மறந்துட்டோம். அந்த 11,000 பேர்ல இருந்து கடைசி நாலு பேருக்குள்ள வந்ததுல ஒருத்தர் எஸ். வனஜா, பொறியாளர், நாலு பேர்ல ஒரே பொண்ணு, நம்ம தமிழ் பொண்ணு. ராசா மாதிரி புள்ளைங்களுக்கு கேட்டி பெர்ரி பேரு தெரியுது, இவங்க பேரு தெரியுமா. தோட்டப்பள்ளி சுவத்துல யார் யார் படமோ வரைஞ்சி வச்சிருக்கோம்.

கணக்குப்புள்ளைக்கு இதையும் சொல்லிடறேன். ஆளை அனுப்பறது இல்லாம துணைக்கோளும் விட்டோம். 2009 ஜூலைல ரசாக்சாட்னு ஒன்னு, நாம பூமத்திய ரேகைகிட்ட இருக்கறதால அந்த ரேகைய ஒட்டியே சுத்தற மாதிரி விட்டது, அத ஏத்தினது யாரு தெரியுமா, எலான் மஸ்க்கோட ஸ்பேஸ்எக்ஸ், ஃபால்கன் 1ன்ற சின்ன ராக்கெட்டுல. அந்த கம்பெனி காசு வாங்கி சுத்துப்பாதைக்கு கொண்டு சேத்த முதல் வணிக துணைக்கோளே நம்மளுதுதான். இன்னிக்கு ஆக்ஸியம் ஆளுங்கள ஏத்தறதும் அதே கம்பெனி ஃபால்கன் 9ல. அவன் எங்க போயிட்டான் பாருங்க. நம்மளோடது ஒரு வருசம் போல வேலை செஞ்சிட்டு பழுதா போச்சி.

எஸ்டேட்_பேத்தி எழுதியது:

கிராணி ஐயா கடைசி வரி வயித்தெரிச்சல்.

ஒரு தொடர்பு சொல்றேன், நம்ம டாக்டரோட 2007ல அதே சோயுஸ்ல ஏறினவங்க பெக்கி விட்சன், அந்த தடவதான் ஸ்டேஷனுக்கே முதல் பெண் கமாண்டர் ஆனாங்க. நாசால ரிட்டயர் ஆனப்புறம் ஆக்ஸியத்துல சேந்து ஆக்ஸ்-2, ஆக்ஸ்-4 ரெண்டுக்கும் அவங்கதான் கமாண்டர், மொத்தம் 695 நாள் விண்வெளில இருந்திருக்காங்க. அனுபவம் உள்ள ஆளு கூட போறது சும்மா அலங்காரத்துக்கு இல்ல. ஆக்ஸ்-1ல என்ன ஆச்சின்னா போனவங்க சோதனை அது இதுன்னு நேரத்தை நெருக்கி அடுக்கிட்டு போய்ட்டாங்க, மேல போனா முதல் ரெண்டு மூணு நாள் ஒடம்பு பழகவே சரியா இருக்கும், தல சுத்தும், ஒரு ஸ்க்ரூ கழட்டி வச்சா அது எங்கயோ மெதந்து போயிடும், கீழ பத்து நிமிசத்துல செய்றது அங்க அரை மணி நேரம். வேலை தேங்கி போய் ஸ்டேஷன்ல ஏற்கனவே இருந்த வீரருங்க தங்களோட வேலைய விட்டுட்டு இவங்களுக்கு கை குடுக்க வேண்டியதா போச்சி, இத லோபஸ் அலெக்ரியாவே வெளிப்படையா பேசினாரு. ஒரு மணி நேரத்துக்கு 130,000 டாலர்னு விலை போட்டு வச்சிருக்கற ஆளுங்க அவங்க. அதுக்கப்புறம்தான் விதிய இறுக்கினாங்க.

பத்து நாள்னு போனது 17 நாள் ஆச்சி வேற, இறங்கற கடல்ல காத்து சரியில்லன்னு. ஆக்ஸ்-4 போவும்போதும் ராக்கெட்டுல ஆக்சிஜன் கசிவு, அப்புறம் ஸ்டேஷன்ல ரஷ்யா பக்கத்து ஸ்வெஸ்டா பகுதில கசிவு பாக்கணும்னு, மே கடைசில போக வேண்டியது ஜூன் 25தான் கெளம்புச்சி. நான் பேக்டரில டெஸ்ட் பாக்கறவ, ஒரு கசிவுக்கு ராக்கெட்ட நிறுத்தறவன பாத்தா எனக்கு மரியாதை வரும், எங்க லைன்ல நிறுத்துன்னா சூப்பர்வைசர் மொறைப்பாரு.

லயத்துப்பையன் எழுதியது:

இவ்ளோ படிச்சப்புறம் என் கருத்த சொல்றேன், திட்டறவங்க திட்டுங்க. இந்தியா சீட்டு வாங்கினது ஒரு வேலையா, அவங்க ககன்யான்னு சொந்த கப்பல் கட்டிக்கிட்டு இருக்காங்க, அதுக்கு பொறுக்கி வச்ச நாலு பேர்ல ஒருத்தர் சுக்லா, மாத்து ஆளு பிரசாந்த் நாயரும் அதே நாலு பேர்ல இருந்துதான். போனவரு பாத்தது கத்தது எல்லாம் திரும்பி வந்து அங்க ஊத்தறதுக்கு ஒரு எடம் இருக்கு. கொரியாவ பாருங்க, நமக்கு அடுத்த வருசம் 2008 ஏப்ரல்ல யி சோ யோன்னு ஒரு பொண்ண நம்மள மாதிரியே காசு குடுத்து ரஷ்யா வண்டில அனுப்பினாங்க, அங்கயும் இது தேவையா, டூரிஸ்டான்னு அதே சண்டை, அந்தம்மாவும் பின்னாடி வேலைய விட்டுட்டு அமெரிக்காவுக்கு படிக்க போயிட்டாங்க. ஆனா அதுக்கு பக்கத்துல இன்னொரு வேலை நிக்காம ஓடிச்சி, 2022 ஜூன்ல நூரின்னு சொந்த ராக்கெட்டுல துணைக்கோள ஏத்திட்டாங்க. ஆளு போனதால ராக்கெட்டு வரல, அது தனியா வளந்தது, ரெண்டும் ஒரே வீட்ல இருந்துச்சி அவ்ளோதான். நம்ம வீட்ல சீட்டு மட்டும் இருந்துச்சி.

அதனால நான் சீட்டு வேணாம்னு சொல்லல. மொதல்ல ஒரு பத்து வருசத்துக்கு என்னா ஆராய்ச்சி, எந்த யூனிவர்சிட்டி, யாரு செய்வா, வந்தவரு எங்க வேலை செய்வாருன்னு எழுதி வச்சிட்டு, அதுக்கு ஆளு மேல போய்த்தான் ஆவணுமான்னு பாருங்க. பல சோதனைக்கு ஆளே போக வேணாம், பொட்டில போட்டு அனுப்பினா அங்க உள்ளவங்க செஞ்சி குடுப்பாங்க, மணிக்கூலி வாங்கிக்கிட்டு. ஆளு போயே ஆவணும்னு வந்தா வாங்கலாம்.

கணக்குப்புள்ள எழுதியது:

இந்த பேச்சுக்கு நான் கை தூக்கறேன். செம்பனை கன்னுல ஆராய்ச்சி பண்ணா நமக்கே பிரயோஜனம், நோய் தாங்கற கன்னு. அதுக்கு விதைய பொட்டில அனுப்பினாலே பத்தும் இல்லயா?

டீச்சரம்மா எழுதியது:

பத்தும், ஆனா மேல போய் வந்தா நோய் தாங்கும்னு யாரும் உறுதி குடுக்க முடியாது. செடி அந்த நெருக்கடில எந்த ஜீன முடுக்குதுன்னு பாக்கறதுதான் இப்ப நடக்கற வேலை. உடனே நோய் போயிடும்னு நெனைச்சா ஏமாந்துடுவோம்.

ராக்கெட்_ராசா எழுதியது:

சரி எல்லாரும் பத்து வருசம்னு பேசறீங்க, ஸ்டேஷனே 2030 வரைக்கும்தான் ஓட்ட போறாங்களாமே? அப்புறம் கடல்ல எறக்கிடுவாங்களாம். அப்ப எங்க போறது.

எஸ்டேட்_பேத்தி எழுதியது:

ஆமா, 2030தான் திட்டம். 420 டன் கிட்ட எடை, அத அப்படியே விட முடியாது, தானா விழுந்தா எங்க விழும்னு சொல்ல முடியாது. அத தள்ளி பசிபிக்ல ஆளில்லாத பக்கம் எறக்க ஒரு தனி வண்டி செய்யச் சொல்லி நாசா 2024ல ஸ்பேஸ்எக்ஸ்க்கு 843 மில்லியன் டாலர் வரைக்கும் ஒப்பந்தம் குடுத்திருக்கு. ஒடைக்கறதுக்கே அவ்ளோ காசு. அதுக்கப்புறம் தனியார் ஸ்டேஷன்தான், ஆக்ஸியமே சொந்தமா கட்டுது, வாஸ்ட்னு இன்னொரு கம்பெனியும் கட்டுது. நாசாவும் அப்ப வாடகை குடுக்கற வாடிக்கைக்காரன்தான். விலை ஏறுமா எறங்குமான்றது எத்தன பேரு கட்டி முடிக்கறாங்கன்றத பொறுத்தது, ஒருத்தன் மட்டும் நின்னான்னா அவன் சொன்னதுதான் விலை.

லோரிக்காரன் எழுதியது:

அப்படின்னா இப்ப அவசரப்பட்டு வாங்கவே கூடாது, கடை நாலு தொறக்கட்டும், பேரம் பேசலாம். நான் இன்னும் வேணாம் கோஷ்டிதான், எழுதி வச்சிக்கோங்க.

டீச்சர், மகள் ஒரு கேள்வி கேட்டு உசுர வாங்குது. கிளாஸ சும்மா படுக்க போடாம சுத்திக்கிட்டே இருந்தா வேர் எந்த பக்கம் போவும்னு. நெஜமா அப்படி செய்யலாமா?

டீச்சரம்மா எழுதியது:

செய்யலாம், பெரிய ஆராய்ச்சி கூடத்துலயே அப்படி ஒரு கருவி வச்சிருக்காங்க. தட்டை செவுத்து கடிகாரம் மாதிரி நிக்க வச்சி மெதுவா சுத்த விட்டா கீழ்ன்றது மாறிக்கிட்டே இருக்கும், மாவு துகள் ஒரு பக்கமா படிய நேரம் கெடைக்காது, வேர் கொழம்பிடும். மேல இருக்கற மாதிரியே அச்சு அசலா இருக்காது, ஆனா புள்ளைங்களுக்கு காட்ட அது போதும். எனக்கு நிமிசத்துக்கு சில சுத்து சுத்தற மோட்டார்தான் வேணும், பேன் மோட்டார் வேகம் ஜாஸ்தி.

எஸ்டேட்_பேத்தி எழுதியது:

டீச்சர் மைக்ரோவேவ் அடில தட்டு சுத்தற குட்டி மோட்டார் போதும், நிமிசத்துக்கு அஞ்சாறு சுத்து. பழசுல இருந்து கழட்டலாம், ஆனா மைக்ரோவேவ்ல உள்ள பெரிய கெப்பாசிட்டர் பிளக் புடுங்கின பிறகும் ஷாக் அடிக்கும், தெரிஞ்சவங்கதான் கழட்டணும். சில மோட்டார் 220 வோல்ட்டு, சிலது கம்மி, மேலயே எழுதி இருக்கும். ஈர டிஷ்யூவும் 220 வோல்ட்டும் பக்கத்துல பக்கத்துல வேணாம், புள்ளைங்க கை படாம பொட்டி போட்டு மூடுங்க.

லோரிக்காரன் எழுதியது:

பழைய இரும்பு கடைல எனக்கு தெரிஞ்ச ஆளு இருக்கான், அவன்கிட்ட மைக்ரோவேவ் குமிஞ்சி கெடக்கு, அவனையே கழட்டி தரச் சொல்றேன். ரெண்டு மூணு எடுத்துட்டு வரேன், ஒன்னு வீட்டுக்கு. சனிக்கெழம பள்ளி தொறந்திருக்குமா டீச்சர்?

டீச்சரம்மா எழுதியது:

காலைல டியூசன் இருக்கு, வாங்க. லோரிய கேட்டுக்கு வெளியவே நிறுத்துங்க, போன தடவ வந்து தோரணத்த அறுத்துட்டு போனது நீங்கதான்.